ஓசையை அடக்குவதா? காரணத்தை அறிவதா?

இதுவரை கேளாத ஓர் ஓசை ஓர் இயந்திரத்திலிருந்து எழுகிறது. எங்கிருந்து எழுகிறது, எதனால் எழுகிறது என்பது விளங்கவில்லை. அந்நிலையில் மனிதன் விரும்புவது யாது? காரணத்தை அறிய வேண்டும் என்பதா? ஓசை ஓய்ந்தால் போதும் என்பதா? இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பதும், ஒன்றெனக் கொள்வதால் இயந்திரம் மட்டுமன்றி ஒரு மனிதரின் பிழைப்பும் கெடக்கூடும் என்பதும், ஒரு பழைய மோட்டார் காரால் எனக்கு விளங்கின. அதனை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதனை மறையாமல் எழுதுகிறேன்.

நிகழ்ந்தது

1980களில் செய்யப்பட்ட பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் உண்டு. பலர் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. தங்கவயலில் எங்கள் லைனில் வாழ்வோர்க்கு அது பொதுவுடைமை போன்றது. நள்ளிரவில் ஒருவர்க்கு நெஞ்சுவலி என்றாலும், பெண்ணொருத்திக்குப் பேறுகால நோவு கண்டாலும், அவ்வண்டிதான் புறப்படும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் வரை நோயாளிகளைச் சுமந்து சென்ற நாட்களும் உண்டு. ஆகவே அவ்வண்டி நலமாயிருப்பது என் ஒருவன் வசதியைப் பற்றியது அன்று.

ஒரு நாள் அதன் விசிறிப் பெல்ட் அறுந்தது. எங்கள் தெருமுனையில் தகரக் கொட்டகை ஒன்றை அமைத்துப் பழுது பார்த்துவரும் இளைஞர் ஒருவர் புதிய பெல்ட்டை மாட்டித் தந்தார். கூலியும் குறைவாகவே பெற்றார். மூன்றாம் நாள் காலை வண்டியைக் கிளப்பினேன். எஞ்சினுள் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்று, 'டக், டக்' என்றோர் ஓசை எழுந்தது. முடுக்கினால் விரைந்து தட்டிற்று; விட்டால் மெல்லத் தட்டிற்று; ஓயவில்லை.

என் உள்ளம் நொடிப்பொழுதில் தீர்ப்பு எழுதிவிட்டது. பெல்ட் மாற்றியபின் ஓசை வந்தது; ஆகவே பெல்ட் மாற்றியவரால் ஓசை வந்தது. அன்று மாலை தேநீர்க்கடையில் நால்வர் கேட்க, "அந்தப் பையனுக்குக் கைராசி இல்லை. நன்றாயிருந்த எஞ்சினைக் கெடுத்துவிட்டான்" என்று சொன்னேன். சொன்னது ஒரே ஒரு முறைதான். ஆனால் அந்த நால்வர்க்கும் வாய் உண்டு என்பதை அப்பொழுது நான் எண்ணவில்லை.

மறுநாள் அண்டை வீட்டார் ஒருவர், கண்ணேறு பட்டிருக்கும், முன்புறத்தில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டுங்கள் என்று அறிவுரை கூறினார். நான் நகைத்தேன். காரணமின்றிக் காரியம் இல்லை என்று பிறர்க்கு எடுத்துரைப்பவன் அல்லவா நான்? ஆயினும் அன்பர்களே, 'கண்ணேறு' என்று அவர் சொன்னதற்கும், 'கைராசி இல்லை' என்று நான் சொன்னதற்கும் என்ன வேறுபாடு? இருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. இருவரும் ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு, காரணம் கிடைத்துவிட்டது என அமைதி அடைந்தோம். வேறுபாடு ஒன்றே: அவர் கட்டச் சொன்ன எலுமிச்சம்பழத்தால் எவர்க்கும் தீங்கில்லை.

பின்னர் நகரத்துப் பட்டறை ஒன்றிற்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் அரை நிமிடம் கேட்டார். "பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும்" என்றார். அவர் கேட்ட தொகை வண்டியின் விலையில் பாதிக்கும் மேற்பட்டது. மனம் தளர்ந்து வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கே எண்ணெயை வடித்துவிட்டு, அதனினும் கெட்டியான எண்ணெயை ஊற்றி, புட்டியில் விற்கும் கூழொன்றையும் கலந்தனர். ஓசை தணிந்தது. நான் மகிழ்ந்தேன். பத்து நாள் கழித்து அது திரும்பி வந்தது. முன்னிலும் தெளிவாகத் தட்டிற்று.

ஓசை ஒரு சாட்சி

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஓசை நமக்குப் பகையா? உலோகத்தில் தேய்மானம் நிகழ்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. இரு பகுதிகளுக்கிடையே இடைவெளி மிகுகிறது, அதுவும் தெரியாது. அவ்விடைவெளியைக் கடந்து ஒன்று மற்றொன்றின்மேல் மோதும்போதுதான் தட்டல் கேட்கிறது. உள்ளே நிகழ்வதை வெளியே வந்து உரைக்கும் ஒரே சாட்சி அவ்வோசை. சாட்சியின் வாயை அடைத்தால் வழக்குத் தீர்ந்துவிடுமா?

தங்கவயலில் வாழ்ந்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 2001இல் மூடப்பட்ட நம் சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறை, தன்மீதுள்ள பளுவைத் தாங்கமாட்டாமல் திடீரெனச் சிதறுவதுண்டு. தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது சுரங்கத் தொழிலின் பழைய பாடம். கெட்டியான பாறை கணீரென ஒலிக்கும். உள்ளே பிளவுற்ற பாறை வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். அப்பொள்ளல் ஒலியைக் கேட்ட தொழிலாளி ஒலியின்மேல் சினம் கொள்ளமாட்டான்; காதைப் பொத்திக்கொண்டு வேலையைத் தொடரவும் மாட்டான். அவ்வொலி அவன் உயிரைக் காப்பது என்பதை அறிவான். நம் தந்தையரும் பாட்டனாரும் நாள்தோறும் கடைப்பிடித்த இவ்வறிவை, மேலே வெளிச்சத்தில் வாழும் நாம் ஒரு கார் தட்டியவுடன் மறந்துவிடுகிறோம்.

பெரியவரின் விசாரணை

சுரங்கத்துப் பட்டறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் இறுதியாகச் சென்றேன். அவர் எஞ்சின் மூடியைத் திறக்குமுன் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். ஓசை காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மிகுதியா, சூடேறியபின் மிகுதியா? மேட்டில் ஏறும்போது மட்டும் வருகிறதா? பள்ளத்தில் இறங்கினால் வருகிறதா? திருப்பும்போது வருகிறதா? வண்டி நிற்கும்போதும் வருகிறதா? எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு எரிந்ததுண்டா?

ஒவ்வொரு வினாவும் ஒரு வாயிலை மூடுவதற்காக எழுந்தது என்பது பின்னரே எனக்குப் புரிந்தது. வண்டி நிற்கும்போதும் ஓசை வருகிறது என்றவுடன், சக்கரம், அச்சு, வில்தட்டுகளின் புஷ், பின்பெட்டியில் உருளும் ஜாக்கி ஆகிய அனைத்தும் குற்றமற்றவை ஆயின. சூடேறினாலும் குறைவதில்லை என்றவுடன், பிஸ்டன் தளர்ந்து சிலிண்டரில் அறைவதாக இருக்கலாம் என்ற ஐயம் பெரிதும் தேய்ந்தது. அவ்வகை ஓசை குளிரில் மிகுந்து சூட்டில் குறைவது இயல்பு. மேட்டில் மட்டும் வருவதன்று என்றவுடன், பெட்ரோல் முறைதவறி எரிவதால் எழும் தட்டல் அன்று என்பதும் தெளிவாயிற்று.

"அப்படியானால் பேரிங்தான், இல்லையா ஐயா?" என்றேன்.

"தம்பி, நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீதான் சொல்லிக்கொண்டே வருகிறாய்" என்றார் பெரியவர்.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடில் பேரிங் தேய்ந்திருக்கிறதோ, அச்சிலிண்டரில் எரிதல் நின்றால், ராடின்மேல் விழும் பளு குறைந்து தட்டல் தணியும். நான்கையும் கழற்றிப் பார்த்தார். தட்டல் சிறிதும் மாறவில்லை. எஞ்சினை இறக்கவேண்டும் என்ற தீர்ப்பு அந்த ஐந்து நிமிடத்தில் ஆட்டம் கண்டது. அடுத்து டேப்பட் இடைவெளிகளை மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தார். அவை சரியாகவே இருந்தன.

அதன்பின் அவர் விசிறிப் பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார். விசிறி நின்றது, டைனமோ நின்றது, தண்ணீர்ப் பம்ப் நின்றது. அந்த இளைஞர் தொட்ட பொருள் எதுவும் சுழலவில்லை. ஓசை மட்டும் ஒலித்துக்கொண்டேயிருந்தது. நான் தலைகுனிந்தேன். பெரியவர்க்கு அதன் காரணம் தெரியாது.

இறுதியாக நீண்ட இரும்புக் கம்பி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்து, இடம்விட்டு இடம் மாற்றிக் கேட்டார். உலோகம் ஓசையை நெடுந்தூரம் கடத்தும்; ஆதலின் ஓசை கேட்கும் இடமெல்லாம் ஓசை பிறக்கும் இடமாகாது. மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போன்று அவர் பொறுமையாகக் கேட்டார். எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டுள்ள பெட்ரோல் பம்ப்பின்மேல் கம்பியை வைத்ததும் நின்றார். பட்டறைகளில் இதனை ஏசி பம்ப் என்பர். கேம் ஷாஃப்டின் புடைப்பு ஒன்று இதன் நெம்புகோலைத் தள்ளிவிட, அது பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒருமுறைதான் சுற்றும். ஆகவே இதன் தட்டல் பேரிங் தட்டலினும் மெதுவானது. எண்ண இயலாவிடினும் பழகிய காது வேறுபாட்டை உணரும்.

அப்பொழுதும் அவர் தீர்ப்புக் கூறவில்லை. "இதுவாக இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் குழாயை அடைத்து, பம்ப்பைக் கழற்றி, துளையைத் தகட்டால் மூடினார். கார்புரேட்டரின் கிண்ணத்தில் எஞ்சியிருந்த பெட்ரோலைக் கொண்டு எஞ்சின் சிறிது நேரம் ஓடிற்று. தட்டல் இல்லை! பம்ப்பை மீண்டும் மாட்டினார், தட்டல் வந்தது. எடுத்தால் இல்லை, வைத்தால் உண்டு என்பதை இருமுறை கண்டபின்னரே, "இதுதான்" என்றார். நெம்புகோலின் ஊசி தேய்ந்து, இடைவெளி விழுந்திருந்தது.

அதனினும் முக்கியமான ஒன்று இருந்தது. எண்ணெய் அளவு பார்க்கும் கோலை உருவி முகர்ந்தார். என்னையும் முகரச் செய்தார். பெட்ரோல் நாற்றம் வீசியது. பம்ப்பினுள் இருக்கும் டயாஃப்ரம் என்னும் சவ்வும் கிழிந்து, பெட்ரோல் சிறிது சிறிதாகக் கசிந்து எஞ்சின் எண்ணெயில் கலந்துகொண்டிருந்தது. கெட்டி எண்ணெய் பத்து நாளில் நீர்த்துப்போனதும் இதனாலேதான். "இப்படியே ஓட்டியிருந்தால் எண்ணெய் நீர்த்துப் பேரிங் உண்மையாகவே போயிருக்கும். அப்பொழுது முதலில் சொன்னவன் சொன்னதே சரி என்று ஊர் சொல்லியிருக்கும்" என்றார் பெரியவர்.

அன்பர்களே, இச்சொல்லை எண்ணிப் பாருங்கள். பொய்யான காரணம் ஒன்றை நம்பி, மெய்யான காரணத்தை வாளா விட்டால், அப்பொய்யே ஒரு நாள் மெய்யாகிவிடக்கூடும். அவ்வாறு மெய்யானபின், முதலில் அது பொய்யாயிருந்தது என்பதை எவர் காட்ட முடியும்? புதிய பம்ப்புக்கு ஆன செலவு, எஞ்சினை இறக்கக் கேட்ட தொகையில் 20இல் ஒரு பங்கும் இல்லை.

ஒரு பழைய வரலாறு

என் வண்டியில் நிகழ்ந்தது சிறு செய்தி. எஞ்சின் தட்டலைப் பற்றியே உலகத்தில் நிகழ்ந்த பெருஞ்செய்தி ஒன்றுண்டு. பிஸ்டன் அழுத்திய பெட்ரோலும் காற்றும் ஸ்பார்க் பிளக்கிலிருந்து தொடங்கி, தீ பரவுவதுபோல் சீராக எரியவேண்டும். அத்தீ வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானே ஒருங்கே பற்றிக்கொண்டால், சிலிண்டருள் அழுத்த அலைகள் மோதித் தட்டல் எழும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் காரணம் பலர்க்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் கார்களுக்கு மின்சாரத் தொடக்கியை அமைத்த சார்லஸ் கெட்டரிங் என்பார்மீது பழி விழுந்தது. அவர் அமைத்த மின்கல எரியூட்டு முறையே தட்டலுக்குக் காரணம் எனப் பலர் கூறினர். புதிதாக வந்தவன்மேல் குற்றத்தைச் சுமத்துவது எங்கும் எளிது போலும்!

கெட்டரிங் சினந்து வாதாடவில்லை, சோதனை செய்வித்தார். 1916 முதல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞர் அவ்வேலையை மேற்கொண்டார். குற்றம் எரியூட்டும் முறையில் இல்லை, எரியும் எண்ணெயில் உள்ளது என்பது தெளிவாயிற்று. எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் சூட்டை நன்கு ஏற்று முறையாக எரியலாம் என்று அவர்கள் கருதினர். கைக்குக் கிட்டிய அயோடினைக் கலந்தனர். தட்டல் தணிந்தது! நம்மைப் போன்றோர் அங்கேயே நின்றிருப்போம். 'சிவப்பே மருந்து' என்று பறைசாற்றியிருப்போம். அவர்களோ ஐயுற்றனர். வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தனர், பயனில்லை. நிறமற்ற அயோடின் கூட்டுப்பொருளைக் கலந்து பார்த்தனர், பயன் தந்தது. நிறம் காரணமன்று, அயோடினே காரணம் என்று அறிந்தனர். தம் வெற்றியையே ஐயுற்றுச் சோதித்த அந்நேர்மை போற்றத்தக்கது.

ஆனால் அவ்வரலாறு அங்கே முடியவில்லை. 1921 டிசம்பரில், ஈயம் அடங்கிய கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் முற்றும் ஓயும் என்று கண்டனர். 1923 பிப்ரவரியில் அப்பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சு என்பது எவரும் அறியாததன்று. எரிசாராயம் கலப்பதாலும் தட்டல் தணியும் என்பதை அவர்களே அறிந்திருந்தனர். எனினும் ஈயத்தையே தேர்ந்தனர். விற்கும் பெயரில் 'ஈயம்' என்னும் சொல் இல்லாதபடி 'ஈத்தைல்' என்று பெயரிட்டனர். 1924 அக்டோபரில், அப்பொருளைச் செய்த நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் தொழிலாளர் ஐவர் சித்தங்கலங்கி இறந்தனர். அதே மாதத்தில் மிட்ஜ்லி செய்தியாளர் முன் அந்நீர்மத்தில் கைகழுவிக் காட்டினார். முந்திய ஆண்டில் அவரே ஈயநஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தவர்!

ஓசை ஓய்ந்தது; ஓசையற்ற நோய் பரவிற்று. வண்டிகள் கக்கிய ஈயம் காற்றில் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கிற்று. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நீங்கியது 2000ஆம் ஆண்டில். உலகில் கடைசியாக அல்ஜீரியா அதனை நிறுத்தியது 2021இல். ஒரு தட்டலை அடக்கிய விதத்தின் விளைவு நீங்க ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. எஞ்சின் தட்டினால் உடைமையாளன் காதில் விழுகிறது. தெருவோரத்துக் குழந்தையின் குருதியில் ஈயம் சேர்ந்தால் எவர் காதிலும் விழுவதில்லை. இன்னலை நம் செவியிலிருந்து பிறர் உடலுக்கு மாற்றுவதை மருந்தென்று சொல்லலாகுமா?

இரு மறுப்புகள்

'வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டுபவன் இவ்வளவும் சோதித்துக் கொண்டிருக்க முடியுமா? ஊகித்துத்தான் செயல்பட வேண்டும்' என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. ஊகம் குற்றமன்று. ஊகத்தை முடிவென்று உரைப்பதே குற்றம். 'இதுவாக இருக்கலாம்' என்பதும் 'இதுதான்' என்பதும் வெவ்வேறு சொற்கள். அவற்றுக்கிடையே ஒரு சோதனை நிற்கிறது. தன் பொருளை வைத்து ஊகிப்பவன் தவறினால் தான் இழப்பான். பிறர் பொருளையும் பிறர் பெயரையும் வைத்து ஊகிப்பவன் தவறினால் இழப்பவர் பிறர். ஆகவே செலவில்லாததும், செய்ததைத் திரும்பச் சரிசெய்யக்கூடியதுமான சோதனையை முதலில் செய்யவேண்டும். பிளக் வயரைக் கழற்றுவதற்குக் காசில்லை; பெல்ட்டைத் தளர்த்துவதற்கும் காசில்லை. எஞ்சினைப் பிரித்துப்போட்டபின் பழையபடி ஆக்குதல் அரிது. ஒருவர் பெயரைக் கெடுத்தபின் பழையபடி ஆக்குதல் அதனினும் அரிது.

'வலியால் துடிப்பவனுக்கு முதலில் வலியைத் தணிக்க வேண்டாமா? ஓசையை அடக்குவது எப்பொழுதும் தவறா?' என்று வேறு சிலர் கேட்கக்கூடும். நல்ல மருத்துவர் வலியையும் தணிப்பார், நோயையும் தேடுவார். தணித்தவுடன் 'குணமாயிற்று' என்று கூறி அனுப்பிவிடமாட்டார். எனக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றியவர், 'இது தற்காலத் தணிப்பு. காரணம் இன்னும் தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால் அவர்மேல் குறைசொல்ல இடமில்லை. அவர் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் நானும் கேட்கவில்லை! எனக்கு வேண்டியிருந்தது அமைதி. விற்கப்பட்டதும் அதுவே. வாங்குவோர் உள்ளவரை விற்போர் இருப்பர்.

செய்ய வேண்டுவது

பம்ப் மாற்றிய அன்று மாலையே அந்த இளைஞரின் கொட்டகைக்குச் சென்றேன். பூட்டியிருக்கவில்லை, ஆனால் வண்டி ஒன்றும் நிற்கவில்லை. நடந்ததை முழுதும் சொன்னேன். தேநீர்க்கடையில் நான் உரைத்ததையும் சொன்னேன். அது அவர்க்கு முன்னரே தெரிந்திருந்தது. சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயா, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால், பெல்ட்டைக் கழற்றி ஓட்டிக் காட்டியிருப்பேனே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து நிமிட வேலை! அந்த ஐந்து நிமிடத்தை அவர்க்கு நான் கொடுக்கவில்லை. நகரத்துப் பட்டறைக்கு ஒரு பகல் கொடுத்தேன்; கூழ்ப் புட்டிக்குப் பணம் கொடுத்தேன்; குற்றம் சாட்டப்பட்டவர்க்கு ஒரு கேள்வியும் கொடுக்கவில்லை. எந்திரத்தைப் பற்றி அறிய எவரெவரையோ கேட்ட நான், அதனைக் கடைசியாகத் தொட்டவரைக் கேட்கவில்லை. காரணம் வெளிப்படை. கேட்டால் அவர் மறுப்பார். மறுத்தால் என் உள்ளம் பெற்றிருந்த அமைதி குலையும். தட்டலை எண்ணெயால் அடக்கியவர்க்கும், ஐயத்தைப் பழியால் அடக்கிய எனக்கும் வேறுபாடில்லை.

எந்தக் கடையில் அச்சொல்லைச் சொன்னேனோ, அதே கடையில், அதே மாலை வேளையில், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அன்று கேட்ட நால்வருள் இருவர் இருந்தனர். ஒருவர், "அப்படியா? இதை நான் மாரிக்குப்பத்தில் என் மைத்துனரிடம் சொல்லிவிட்டேனே" என்றார். அவர் மைத்துனர் எவரிடம் சொன்னாரோ! என் வண்டியின் தட்டல் ஒரு பிற்பகலில் தீர்ந்தது. என் சொல் எழுப்பிய தட்டல் எங்கெங்கே இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிய எந்தக் கம்பியும் என்னிடம் இல்லை. இப்பொழுது எவர் வண்டி பழுதானாலும் அந்தக் கொட்டகைக்கே நான் அழைத்துச் செல்கிறேன். அது தண்டனையன்று, கடன்.

ஆகவே அன்பர்களே, இனி ஓர் ஓசை கேட்டால், அது எஞ்சினில் எழுந்தாலும், இல்லத்தில் எழுந்தாலும், சங்கத்தில் எழுந்தாலும், முதலில் நம்மை நாமே கேட்போம்: நான் தேடுவது காரணமா, அமைதியா? காரணத்தைத் தேடுவோமாயின், தெரியாததைத் தெரியாது என்போம். ஐயத்தை ஐயம் என்றே சொல்வோம். எடுத்தும் வைத்தும் பார்த்தபின் முடிவு கூறுவோம். எவர்மேல் குற்றம் சாட்டுகிறோமோ அவரை முதலில் கேட்போம். காரணம் நீங்கினால் ஓசை தானே ஓயும். ஓசையை மட்டும் ஓயச்செய்தால் காரணம் உள்ளிருந்து அரித்துக்கொண்டேயிருக்கும்.

சிந்திப்போமாக!